வினாத்தாளுக்குள் ஒரு வரைபடத் திரை: நுண்கணிதப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலைக் கணிதத்துக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும் வினாத்தாள் அமைப்பவர்களுக்கும் வணக்கம்.

நுண்கணிதம் நடத்தும் ஆசிரியராக இந்த மடலை எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்புகளின் வரைபடத்தைத் திரையில் வரைந்து காட்டும் கிராஃபிங் கால்குலேட்டருக்கு நுண்கணித வகுப்பில் முறையான ஓர் இடம் கொடுங்கள். அதைவிட முக்கியமாக, அந்தக் கருவி காட்டும் திரையை வினாத்தாளுக்குள் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மாணவர் கையிலும் கருவி இருந்தாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வகுப்புக்கு ஒன்று இருந்து, அதன் திரை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தால் பாடம் நடத்திவிடலாம். ஆனால் தேர்வில் வராத எதையும் எந்த வகுப்பும் நீண்ட நாள் நடத்தாது. அது உங்களுக்கும் தெரியும்.

எங்கள் மாணவர்களுக்கு வகையிட, அதாவது ஒரு சார்பின் வகைக்கெழுவைக் காண, நன்றாகவே தெரிகிறது. பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி எல்லாம் விரல்நுனியில். அரைப் பக்கத்துக்கு நீளும் ஒரு சார்பைக் கொடுத்தாலும் கை நிற்காமல் எழுதிவிடுவார்கள். அதே மாணவர்களிடம் சமன்பாடு எதுவும் தராமல், பலகையில் ஒரு வளைவரையை மட்டும் வரைந்து, "இதன் வகைக்கெழு எங்கே மிகை, எங்கே குறை, எங்கே பூச்சியம்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பேச்சு நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் கேட்பார்: "ஈக்வேஷன் தரலியே சார், எப்படிப் போடறது?" சமன்பாடு இல்லாமலும் ஒரு வளைவரைக்கு வகைக்கெழு உண்டு, அது கண்ணெதிரே தெரிகிற சரிவுதான் என்பது அவருக்குப் புதுச் செய்தி. ஓராண்டு நுண்கணிதம் படித்த பிறகும் அது புதுச் செய்தியாக இருப்பதுதான் என் கவலை.

இந்த இடத்தில்தான் கருவி கைகொடுக்கிறது. எக்ஸ் வர்க்கத்தின் வளைவரையைத் திரையில் போட்டு, (1, 1) என்ற புள்ளியை நடுவில் வைத்துப் பெரிதாக்கிக்கொண்டே போகிறோம். வளைவு மெல்ல மெல்ல நிமிர்கிறது. எக்ஸ் 0.99 முதல் 1.01 வரை என்ற அளவுக்குச் சாளரம், அதாவது திரையில் தெரியும் பகுதி, சுருங்கும்போது திரையில் இருப்பது ஒரு நேர்கோடு. அது பரவளையத்தின் துண்டு என்று யாராவது சொன்னால்தான் தெரியும். டிரேஸ் விசையை அழுத்தி இரண்டு ஓரங்களிலும் உயரத்தைப் படிக்கிறோம்: 0.9801, 1.0201. உயர்ந்தது 0.04, நகர்ந்தது 0.02, சாய்வு 2. நேர்கோட்டின் சாய்வு காண்பது மாணவர்களுக்குப் பழைய பாடம். அதை வைத்தே வகைக்கெழுவுக்கு வந்துவிட்டார்கள். பிறகு எக்ஸ் 2, 3, மைனஸ் 1 என்று வேறு இடங்களிலும் இதையே செய்து ஒரு பட்டியல் போட்டால், சாய்வு 2எக்ஸ் என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அப்புறம் எல்லை வரையறையைப் பலகையில் எழுதும்போது, புள்ளியிலிருந்து நகரும் தூரமான ஹெச் பூச்சியத்தை நெருங்குவது என்றால் என்ன என்று விளக்கவே வேண்டியதில்லை. அவர்கள் அதைப் பார்த்தாயிற்று.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் கணிதக் கல்வியாளர் டேவிட் டால், 1980களிலேயே இந்தக் கருத்தை அடித்தளமாக வைத்து நுண்கணிதத்தைத் தொடங்கலாம் என்று எழுதி, அதற்கான கணினி நிரல்களையும் ஆக்கினார். நெருங்கிப் பார்த்தால் நேராகத் தெரியும் வளைவரைக்கு அந்த இடத்தில் வகைக்கெழு உண்டு என்பதே அவர் எடுத்த தொடக்கப்புள்ளி. எல்லையின் கறாரான வரையறை பிறகு வருகிறது.

அடுத்த வகுப்பில் நான் இரண்டு சார்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைவேன். ஒன்று எக்ஸின் மட்டு மதிப்பு, அதாவது மைனஸ் குறியை விட்டுவிட்டு எடுத்த அளவு. இன்னொன்று, எக்ஸ் வர்க்கத்தோடு 0.0001ஐக் கூட்டி, அதற்கு எடுத்த வர்க்கமூலம். மைனஸ் 10 முதல் 10 வரை உள்ள வழக்கமான சாளரத்தில் இரண்டும் ஒரே கூர்முனைதான். ஒன்றுதான் வரைந்திருக்கிறது, மற்றதை மறந்துவிட்டீர்கள் என்று மாணவர்கள் சொல்வார்கள். ஆதிப்புள்ளியை நோக்கிப் பெரிதாக்க ஆரம்பித்ததும் இரண்டும் பிரிகின்றன. ஒன்றின் அடி 0.01 உயரத்தில் உருண்டு நிற்கிறது. இன்னும் நெருங்கினால் படுக்கைக் கோடாகிவிடுகிறது. மட்டு மதிப்பின் முனையோ எத்தனை மடங்கு பெருக்கினாலும் முன்பிருந்த மாதிரியே இருக்கிறது. "இது எவ்வளவு பக்கத்துல போனாலும் மசியாது போல" என்று ஒரு மாணவி சொன்னார். ஒரு புள்ளியில் வகைக்கெழு இல்லாமல் போவது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் என்னிடம் இல்லை. இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை என்று எழுதி இரண்டும் சமமில்லை என்று நிறுவுவதும் அவசியம்தான். ஆனால் எதை நிறுவுகிறோம் என்று தெரிந்துகொண்டு நிறுவுவது வேறு.

ரேடியன் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகங்கள் அதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. "கோணம் ரேடியனில் இருக்க வேண்டும்" என்று ஒரு குறிப்பு. ஏன் என்று கிடையாது. கருவியைப் பாகை அமைப்பில் வைத்துவிட்டு, சைன் வளைவரைக்கு ஆதிப்புள்ளியில் சாய்வு கேளுங்கள். 0.01745 என்று வரும். ரேடியனுக்கு மாற்றிக் கேளுங்கள், 1. முதல் எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்களைத் தேடவிட்டால், அது பை (π) என்ற எண்ணை 180ஆல் வகுத்தது என்று கண்டுபிடிப்பார்கள். சைனின் வகைக்கெழு கொசைன் என்பது ரேடியனில் மட்டுமே அப்படி ஒரு கெழுவும் ஒட்டாமல் வரும், பாகையில் ஒவ்வொரு முறை வகையிடும்போதும் இந்த 0.01745 கூடவே தொற்றிக்கொண்டு வரும் என்பது அப்போது புரிகிறது. நான் வாயால் சொன்னபோது ஏற்றுக்கொண்டவர்கள், திரையில் பார்த்த பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

ஈ (e) என்ற எண்ணும் அப்படித்தான். இரண்டின் எக்ஸ் அடுக்கை வரைந்தால், அது ஒய் அச்சை வெட்டும் இடத்தில் சாய்வு 0.693. மூன்றின் எக்ஸ் அடுக்குக்கு 1.099. இடையில் எங்கோ சாய்வு சரியாக 1 ஆகும் அடிமானம் ஒன்று இருந்தாக வேண்டும். 2.7 போட்டால் 0.993, 2.72 போட்டால் 1.0006. மாணவர்கள் இப்படி நெருக்கி நெருக்கி 2.718 என்ற இடத்துக்குத் தாமாகவே வந்து சேர்கிறார்கள். மனப்பாடம் செய்த ஒரு தசம எண் இப்போது தேடிக் கண்டெடுத்த எண்ணாகிவிடுகிறது.

தொகையிடலுக்கும் ஓர் எடுத்துக்காட்டு. பூச்சியத்திலிருந்து எக்ஸ் வரை கொசைனின் கீழுள்ள பரப்பை எக்ஸின் சார்பாக எடுத்து வரையச் சொல்கிறோம். பழைய கருவிகளில் இது மிக மெதுவாக வரும், ஒவ்வொரு புள்ளிக்கும் அது தனியாகப் பரப்பைக் கணக்கிட வேண்டும். அந்தத் தாமதம் எனக்குப் பிடிக்கும். புள்ளி புள்ளியாக ஏறுகிற வளைவரையைப் பார்த்துக்கொண்டு, கொசைன் அச்சைக் கடந்து கீழே போகும் இடத்தில், அதாவது 1.57ஐத் தாண்டியதும், இது இறங்கப் போகிறது என்று மாணவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சொன்னபடியே இறங்கும். முடிவில் திரையில் நிற்பது சைன். பரப்பைச் சேர்த்துக்கொண்டே போவதும் சரிவைக் காண்பதும் ஒன்றையொன்று அவிழ்க்கும் செயல்கள் என்ற அடிப்படைத் தேற்றம், நிரூபணத்துக்கு முன்பே அவர்கள் மனதில் இடம் பிடித்துவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கருவி சரியாகக் காட்டிய இடங்கள். அது தவறாகக் காட்டும் இடங்கள் இன்னும் மதிப்புள்ளவை. கருவி வந்தால் சிந்தனை போய்விடும் என்று அஞ்சுபவர்கள் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எக்ஸ் கனத்திலிருந்து 0.01 எக்ஸைக் கழித்து ஒரு சார்பு அமையுங்கள். வழக்கமான சாளரத்தில் இது வெறும் எக்ஸ் கனம் மாதிரிதான் தெரியும். பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை, ஏறிக்கொண்டே போகும் ஒரு வளைவரை. ஆனால் கையால் வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் எக்ஸ் மிகை 0.0577இலும் குறை 0.0577இலும் இரண்டு திருப்பங்கள் இருக்கின்றன. அவற்றின் உயரம் பூச்சியத்திலிருந்து 0.000385 மட்டுமே. அந்த அளவுக்குச் சாளரத்தைச் சுருக்கினால்தான் மேடும் பள்ளமும் வெளியே வரும். எங்கே சுருக்குவது? அதைக் கருவி சொல்லாது. வகைக்கெழுதான் சொல்லும். இந்த ஒரு கணக்கைச் செய்த மாணவர், படத்தை நம்பி விடை எழுதத் தயங்குவார்; அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டும்.

டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-84 வரிசைக் கருவிகளில் ஒரு புள்ளியில் வகைக்கெழுவின் மதிப்பைத் தரும் கட்டளை ஒன்று உண்டு. அது எல்லை எதையும் எடுப்பதில்லை. புள்ளிக்கு இருபுறமும் 0.001 தள்ளி இரண்டு மதிப்புகளை எடுத்து, வித்தியாசத்தை 0.002ஆல் வகுக்கிறது. பெரும்பாலான சார்புகளுக்கு இது நல்ல தோராயம். மட்டு மதிப்புக்குப் பூச்சியத்தில் கேட்டால் இருபுறமும் உயரம் ஒன்றே என்பதால் 0 என்று பதில் வரும். அங்கே வகைக்கெழுவே கிடையாது! எக்ஸின் தலைகீழிக்கு, அதாவது 1ஐ எக்ஸால் வகுத்த சார்புக்கு, பூச்சியத்தில் கேட்டால் இன்னும் விபரீதம்: வலப்புறம் 1000, இடப்புறம் மைனஸ் 1000, வித்தியாசம் 2000, அதை 0.002ஆல் வகுத்துப் பத்து லட்சம் என்று கூசாமல் சொல்லும். சார்பே வரையறுக்கப்படாத இடத்தில் ஒரு சாய்வு! இந்தப் பத்து லட்சம் எப்படி வந்தது என்று விளக்கத் தெரிந்த மாணவருக்கு வகைக்கெழுவின் வரையறை தெரியும். வரையறையை ஒப்பிக்கத் தெரிந்த எல்லோருக்கும் இதை விளக்கத் தெரிவதில்லை.

எல்லையிலும் இப்படி ஒன்று உண்டு. 1இலிருந்து கொசைன் எக்ஸைக் கழித்து எக்ஸ் வர்க்கத்தால் வகுத்தால், எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது எல்லை அரை. எக்ஸுக்கு 0.1, 0.01, 0.001 என்று போட்டுப் பார்த்தால் மதிப்பு 0.5ஐ நோக்கித்தான் போகிறது. 0.00000001 போட்டால் திடீரென்று 0. கொசைனின் மதிப்பு 1க்கு அவ்வளவு அருகில் இருப்பதால், கருவி வைத்திருக்கும் இலக்கங்களுக்குள் அந்த வித்தியாசம் அடங்காமல் போய், கழித்தல் வெறும் பூச்சியமாகிவிடுகிறது. அட்டவணை போட்டு எல்லையை ஊகிக்கலாம், நிறுவ முடியாது என்று நாம் வாயால் சொல்லும் எச்சரிக்கைக்கு இதுதான் சான்று.

கை வேலை மழுங்கிவிடும் என்ற கவலை எனக்கும் உண்டு. அதை லேசாக ஒதுக்கித்தள்ள மாட்டேன். காரணிப்படுத்தத் தெரியாத, பின்னங்களைச் சுருக்கத் தெரியாத மாணவருக்கு எந்தத் திரையும் நுண்கணிதம் கற்றுத் தராது. என் வகுப்பில் ஒரு விதி உண்டு: முதலில் தாளில் தோராயமாக வரைந்துவிட்டுத்தான் கருவியைப் பார்க்க வேண்டும். ஊகம் தாளில் இல்லையென்றால் திரை அவருக்குப் படம் காட்டும், அவ்வளவுதான். குறியீட்டு முறையிலேயே வகையிட்டும் தொகையிட்டும் விடையைக் கொடுத்துவிடும் கருவிகளை இந்த நிலையில் நான் பரிந்துரைக்கவும் மாட்டேன். வரைபடம், அட்டவணை, எண் மதிப்பு இவை போதும்.

இந்தக் கவலையை ஆய்வுகளும் தொட்டிருக்கின்றன. ஏமி எலிங்டன் என்ற ஆய்வாளர் பள்ளிக் கணிதத்தில் கால்குலேட்டர் பயன்பாடு பற்றிய 54 ஆய்வுகளைத் திரட்டி 2003இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார். கருவியைக் கற்பித்தலிலும் தேர்விலும் சேர்த்துப் பயன்படுத்திய இடங்களில் மாணவர்களின் கணக்கிடும் திறனும் தீர்வு காணும் திறனும் மேம்பட்டன என்பது அவர் கண்டது. கற்பித்தலில் மட்டும் வைத்துக்கொண்டு தேர்வில் விலக்கிய இடங்களில் திறன் குறைந்துவிடவில்லை, ஆனால் முடிவுகள் கலவையாகவே இருந்தன. தேர்வையும் சேர்த்து நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது புதுச் சோதனையும் இல்லை. முதல் கிராஃபிங் கால்குலேட்டரான கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி விற்பனைக்கு வந்தது 1985இல். பத்தே ஆண்டுகளில், 1995இல், அமெரிக்காவின் காலேஜ் போர்டு பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரி நிலையில் நடத்தும் ஏபி கால்குலஸ் என்ற நுண்கணிதத் தேர்வு கிராஃபிங் கால்குலேட்டரைத் தன் அமைப்புக்குள் எடுத்துக்கொண்டது. அவர்கள் செய்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிக்கும் அம்சம், தேர்வை இரண்டாகப் பிரித்ததுதான். ஒரு பகுதிக்குக் கருவி உண்டு, இன்னொரு பகுதிக்கு இல்லை. கருவியிடம் அவர்கள் எதிர்பார்ப்பதும் நான்கே வேலைகள்: வேண்டிய சாளரத்தில் வரைபடம் வரைவது, சமன்பாட்டின் மூலங்களை எண்முறையில் காண்பது, ஒரு புள்ளியில் வகைக்கெழுவின் மதிப்பு, வரையறுத்த தொகையின் மதிப்பு. இவற்றைத் தாண்டிக் கருவியில் எதையாவது செய்து விடை எழுதினால், அதற்கான கணித வழியையும் காட்டியாக வேண்டும். கை வேலையும் தப்பியது, கருவியும் உள்ளே வந்தது.

செலவைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். தனிக் கருவிகள் விலை கூடியவை. வசதி உள்ள மாணவருக்கு மட்டும் கிடைக்கும் உதவி ஒன்றைத் தேர்வுக்குள் விடுவது அநியாயம். வகுப்புக்கு இது பெரிய தடையில்லை, ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ் போன்ற வரைபடச் செயலிகள் ஒரே ஒரு கணினியில் அல்லது கைப்பேசியில் இந்த வேலையை இலவசமாகச் செய்கின்றன. தேர்வுக்கூடம்தான் சிக்கல். அதனால்தான் மடலின் தொடக்கத்தில் சொன்ன வழியை முன்வைக்கிறேன். கருவியை உள்ளே விடாதீர்கள். அதன் திரையை அச்சிட்டுக் கொடுங்கள். வரைபடம், சாளரத்தின் அளவுகள், அட்டவணை, கருவி தந்த எண் இவை எல்லாம் தாளிலேயே இருக்கட்டும். எல்லா மாணவரும் ஒரே திரையைப் பார்ப்பார்கள். மின்கலம் தீரும் கவலை இல்லை, நினைவகத்தில் யார் எதைச் சேமித்து வந்தார் என்ற சோதனை இல்லை. மாணவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பார்த்ததைக் கணிதத்தால் விளக்குவது.

ஆசிரியர்களுக்கு நேரம் வேண்டும் என்பதும் உண்மை. ஒரே பயிற்சி வகையில் இருபது கணக்குகள் இருக்கும் இடத்தில் பன்னிரண்டு போதும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதிவிட்டால் அந்த நேரம் கிடைத்துவிடும். அதே வாய்பாட்டை எண் மாற்றிப் போடும் கடைசி எட்டுக் கணக்குகளில் எந்த மாணவரும் புதிதாக எதையும் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எப்படிப்பட்ட வினாக்களை மனதில் வைத்திருக்கிறேன் என்பதற்கு மூன்று மாதிரிகளை இங்கேயே தருகிறேன். மாற்றியோ அப்படியேவோ எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வினா: மேலே சொன்ன, எக்ஸ் கனத்திலிருந்து 0.01 எக்ஸைக் கழித்த சார்பின் வரைபடம், மைனஸ் 10 முதல் 10 வரையான சாளரத்தில் அச்சிடப்பட்டுள்ளது. "இச்சார்புக்குப் பெருமமும் சிறுமமும் இல்லை" என்று ஒரு மாணவர் முடிவு செய்கிறார். அவர் முடிவு சரியா எனக் கணக்கிட்டுக் காட்டுக. திருப்பங்கள் தெளிவாகத் தெரிவதற்கு ஏற்ற சாளரம் ஒன்றைக் காரணத்துடன் தருக.

இரண்டாவது: எக்ஸின் தலைகீழிக்குப் பூச்சியத்தில் வகைக்கெழுவின் மதிப்பு 10,00,000 என்று ஒரு கருவி காட்டுகிறது. அது இருபுறமும் 0.001 தள்ளி மதிப்புகளை எடுத்துக்கொள்கிறது. இவ்விடை எவ்வாறு கிடைத்தது என விளக்கி, அதை ஏன் ஏற்க முடியாது என்பதை வகைக்கெழுவின் வரையறையிலிருந்து நிறுவுக.

மூன்றாவது: ஒரு சார்பின் வகைக்கெழுவின் வரைபடம் மட்டும் தரப்பட்டுள்ளது, சமன்பாடு இல்லை. பூச்சியத்தில் அச்சார்பின் மதிப்பு 2. கீழுள்ள நான்கு திரைகளில் மூலச் சார்பு எதுவாக இருக்க முடியும்? மற்ற மூன்றையும் ஒவ்வொரு காரணம் சொல்லி விலக்குக.

இவற்றுக்கு மதிப்பெண் பெரிதாக ஒதுக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. அடுத்து நீங்கள் வெளியிடும் மாதிரி வினாத்தாளில் இந்த வகையில் ஒரு வினாவுக்கு மட்டும் இடம் கொடுங்கள். விருப்ப வினாவாகப் போடாமல் எல்லோரும் எழுத வேண்டிய வினாவாகப் போடுங்கள். விடைக்குறிப்பில், இறுதி எண்ணுக்கு உள்ள அளவுக்கு விளக்கத்துக்கும் மதிப்பெண் பிரித்துக் காட்டுங்கள். மதிப்பீடு செய்ய ஆசிரியர்கள் தேவைப்பட்டால் நானும் வருகிறேன், என்னோடு பணியாற்றுபவர்களையும் அழைத்து வருகிறேன்.

வணக்கத்துடன்,
நுண்கணித ஆசிரியர் ஒருவர்